ஐந்தாவது விரலுக்கு அப்பால்

ராயபுரத்து வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது பின்பக்கத்துக் குழாயடிதான். அங்கே மீன்கார அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருக்கிறார். முதலில் சாம்பல், அப்புறம் புளி, கடைசியாகப் பாதி எலுமிச்சம்பழம். நகக்கண் ஒவ்வொன்றிலும் பழத்தோலைத் திருகித் திருகித் தேய்க்கிறார். கழுவிய கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, மனம் ஒப்பாமல் மறுபடியும் தேய்க்கிறார். விற்றுத் தீர்ந்த கூடை சுவரோரம் கவிழ்ந்து கிடக்கிறது. நான் சமையலறை வாசலில் துண்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன். கை சுத்தமாகிவிட்டது என்று அவருக்கே தோன்றிய பிறகுதான் படியேறி உள்ளே வருவார். அதுவரை நான் எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டார்.

என் அப்பா சரக்கு ரயிலில் கார்டாக இருந்தார். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு. சுதந்திரம் வந்த கையோடு, பக்கத்து வரிசையில் இருந்த ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டுச் சாமான்களில் பியானோவை மட்டும் அப்பா வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் நான் சில வருஷம் பியானோ கற்றிருந்தேன். அதற்காகத்தான் வாங்கினார். படிப்பு முடிந்து, எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த சமயம் அது. கூடத்தில் பாதியை அந்தப் பியானோ அடைத்துக்கொண்டது. யார்டில் வேகன்களை மோதிக் கோக்கும்போதெல்லாம், யாரும் தொடாமலே அதன் கம்பிகள் மெல்ல முனகும். கடற்காற்று அதற்கு ஆகாது. மழைக்காலத்தில் சில கட்டைகள் அமுங்கினால் எழுந்திருக்காது. அம்மா உள்ளே கற்பூர வில்லைகளைப் போட்டுவைத்து, தினமும் காலையில் என்னை வாசிக்கச் சொல்லுவார். வாசித்துக்கொண்டே இருந்தால் பூஞ்சை பிடிக்காது என்பது அம்மாவின் நம்பிக்கை.

அக்கா காசிமேட்டு மீனவர் குப்பத்திலிருந்து வருவார். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது இருக்கும். நெடுநெடுவென்ற உயரம். தலையில் கூடை இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே நடைதான். வாசலில் கூடையை இறக்கி வைத்து அம்மாவுக்கு நெத்திலியோ சங்கராவோ அள்ளிப் போடுவார். அம்மா பேரம் பேசிக்கொண்டிருக்க, உள்ளே நான் வாசித்துக்கொண்டிருப்பேன். வியாபாரம் முடிந்த பிறகும் அவர் கிளம்பாமல் ஜன்னலோரம் நிற்பதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கண் என் விரல்களின் மேல் இருந்தது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

“பாப்பா, இத்த எனக்குச் சொல்லிக் குடுப்பியா?”

அம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. எதற்கு என்று நான் கேட்டதற்கு, கத்துக்கணும்னு கீது என்று மட்டும் சொன்னார். வாணாம் என்றால் விட்டுவிடுவதாகவும், ஆனால் மறுபடி மறுபடி வந்து கேட்பதாகவும் சொன்னார். அன்று டியூட்டி முடிந்து வந்த அப்பாவிடம் அம்மா இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, பியானோவைத் தொட்டால்தான் அது கெடாது, யார் தொட்டால் என்ன என்றார். மீன் வாடை கட்டைகளில் ஏறக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அம்மா ஒப்புக்கொண்டார். அதற்காக வந்ததுதான் அந்தச் சாம்பலும் புளியும் எலுமிச்சம்பழமும். அம்மா கேட்டது சோப்பு போட்டுக் கழுவுவதை மட்டும்தான். மற்றதெல்லாம் அக்காவே ஏற்படுத்திக்கொண்டது.

நான் அதுவரை யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்தவள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் நிற்பதைக் காட்டினேன். இரண்டு கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைதான் வீட்டு வாசல், எங்கே போனாலும் இங்கேதான் திரும்பி வரவேண்டும் என்றேன். பியானோ நெடுக அந்த மாதிரி வாசல்கள் எத்தனை இருக்கின்றன என்று அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரே சுரத்தை, ஆனால் ஒன்று ஆணாகவும் ஒன்று பெண்ணாகவும் ஒன்று குழந்தையாகவும் பேசுவதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். பிறகு விரல்களுக்கு எண் கொடுத்தேன். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. உள்ளங்கைக்குள் ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்துக்கொண்டு விரல்களை வளைத்துவைக்கச் சொன்னேன். நினைப்பதற்கு என்ன இருக்கிறது என்று, குழாயடியிலிருந்து நிஜமாகவே ஒன்றை எடுத்துவந்து வைத்துக்கொண்டார்.

மீன் ஆய்ந்து ஆய்ந்து காய்த்துப்போன விரல்கள் அவை. குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொன்னதைக் கேட்டன. நான்காவதும் ஐந்தாவதும் தனித்தனியாக எழுந்திருக்க மறுத்தன. ஒன்றைத் தூக்கினால் இரண்டும் எழும். பாட்டுப் புத்தகத்தை விரித்து ஐந்து கோடுகளையும் அவற்றில் தொங்கும் புள்ளிகளையும் காட்டியபோது, “வலையில மாட்ன நெத்திலி கணக்கா கீது” என்றார். அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் புத்தகத்தை மூடிவிட்டு எண்களைச் சொல்லியே நடத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. திரும்பி வர ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. அந்த மழைக்காலம் பூராவும் எங்கள் கூடத்தில் கேட்டது அது ஒன்றுதான். வீட்டில் கவிழ்த்த கூடையின் மேல் விரலை வைத்துப் பழகுவதாகச் சொன்னார். பழகுகிறார் என்பது தெரிந்தது. தை பிறந்தபோது சோம்பேறி விரல் இரண்டும் தனித்தனியாக எழுந்தன.

இதற்குள் அம்மா குப்பத்துப் பெண்களிடம் விசாரித்து அவருடைய கதையைத் தெரிந்துகொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அவர் கணவர் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனார். கட்டுமரம் அவருக்கு ஒத்துவரவில்லையாம். அங்கே வெள்ளைக்காரர்கள் கூடும் கிளப் ஒன்றில் தட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்து சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்பினார். அதன் பிறகு யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. அங்கிருந்தவர்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். காசிமேட்டுக்கும் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவரைப் பற்றித் தெரியவில்லை. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போய், எல்லாம் ஆன பிறகும் ஒரு தகவலும் இல்லை. செய்யவேண்டியதைச் செய்து தாலியைக் கழற்றிவிடு, வேறு இடம் பார்க்கிறோம் என்று அவருடைய அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். இதெல்லாம் தெரிந்த பிறகு அம்மா பேரம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் இந்தக் கதைக்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

மாசி மாதத்து ஒரு முற்பகல். பாடம் முடிந்து அவர் எழுந்திருக்கவில்லை. முக்காலியில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு பாட்டு இருக்கிறது, அதற்குக் கையை எங்கே வைக்கவேண்டும் என்று தெரியவில்லை என்றார். பாடிக் காட்டச் சொன்னேன். தான் அதைக் கேட்டதே இல்லை என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முழங்கைக்குக் கீழே தன் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார்.

ஊருக்கு வந்திருந்த அந்தச் சில மாதங்களில், சாயங்காலம் குடிசைக்கு முன்னால் மணலில் சாய்ந்திருக்கும்போதெல்லாம் கணவர் அவர் கையில் இப்படித்தான் விரல் வைப்பாராம். கிளப்பில் ஒரு பெரிய பெட்டி இருக்கிறது, அதில் நான் வாசிக்கும் பாட்டு இது, இங்கே பெட்டி இல்லை, இருந்தால் கேட்பாய் என்பாராம். திரும்ப வரும்போது எப்படியாவது காதால் கேட்கவைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினாராம். பெட்டி எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஜன்னலில் முதன்முதலாக என் விரல்களைப் பார்த்தபோதுதான், அந்தப் பெட்டி இதுதான் என்று தெரிந்துகொண்டார்.

“வெரலு மறக்கல, பாப்பா. அது இன்னா பாட்டுன்னு மட்டும் தெர்ல.”

மறுபடியும் என் கையில் வைத்துக் காட்டினார். ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று. நிறுத்தி, திரும்பவும் அதே. அவர் இரண்டாம் முறை தொடங்குவதற்கு முன்பே என் கைக்கு அது தெரிந்துவிட்டது. அது பாட்டே இல்லை. ஐந்து விரலும் ஏறி இறங்கப் பழகிய பிறகு, விரல் தாண்டிப் பழகுவதற்காகக் கொடுக்கும் அடுத்த பயிற்சி அது. பியானோ கற்கும் குழந்தைகள் எல்லோரும் அலுத்துக்கொண்டே வாசிப்பது. நானே அடுத்த வாரம் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  கூடவே இடது கையால் நான் ஏதாவது சேர்த்து வாசித்து, அதை ஒரு பாட்டு மாதிரி ஆக்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிச் செய்தால் அது என் பாட்டாகிவிடும். அதனால் அவர் வலக்கையைப் பிடித்து வழக்கமான இடத்தில், வாசல் கட்டையில் கட்டைவிரல் படும்படி வைத்தேன். இங்கேதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாசித்தார். ஒரு பிழை இல்லாமல் வாசித்தார். முடிந்ததும் மேலே ஏதாவது வரும் என்பதுபோல் கையை எடுக்காமல் வைத்திருந்தார்.

“இவ்ளோதானா?”

இது பாடம் அக்கா, ஆரம்பத்தில் எல்லோரும் வாசிப்பது, அடுத்த வாரம் உங்களுக்கு இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். “அப்போ அவருக்கும் ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உண்மையாகவே சந்தோஷமான சிரிப்பு அது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்த பிறகு இன்னொரு தடவை அதே ஒன்பது சுரங்களை, இம்முறை மெதுவாக, வாசித்தார். பாதியில் அவர் முகம் மாறியது. கையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“புக்கு பட்சிக் கத்துக்கிற ஆளு இல்ல அது. யாரோ பக்கத்துல குந்திச் சொல்லிக் குடுத்துக்கீறாங்க. யாரு அது?”

நான் எப்படிச் சொல்ல முடியும்? கிளப்பில் யாராவது பெரியவர் இருந்திருப்பார் என்றேன். பொம்பளையா இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவரும் அந்தச் சின்ன முக்காலியில் எவ்வளவு நெருக்கமாக, தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரங்கூனுக்குப் போய் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர்கள் கதை காசிமேட்டில் எத்தனையோ உண்டு. அவர் எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு, பின்கதவு வழியாகப் போனார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. பங்குனி வந்தது. வேறொரு பெண் மீன் கொண்டுவந்தாள். அவளிடம் கேட்டால், அக்கா திருவொற்றியூர்ப் பக்கம் விற்கப் போவதாகச் சொன்னாள். கேட்டதற்கு உண்மையைச் சொன்னது சரிதான் என்று அப்பா சொன்னார். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் காலையில் வாசிக்க உட்காருவேன். முக்காலியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பழகிவிட்டதால் மறுபாதி காலியாகக் கிடக்கும். ஜன்னலைப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்காகக்கூட நான் அப்படி வாசலைப் பார்த்ததில்லை. யாரும் தொடாத நேரத்தில் வேகன்கள் மோதிக் கம்பிகள் முனகும்போது, யாரோ வந்துவிட்டார்கள் என்று கூடத்துக்கு ஓடிவந்திருக்கிறேன்.

வெயில் ஏறத் தொடங்கிய சித்திரையில் ஒரு நாள் குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அக்கா சாம்பல் போட்டுக் கை தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்து இளைத்திருந்தது. கழுத்தில் அதே தாலிக்கு மஞ்சள் கயிறு புதிதாக மாற்றப்பட்டிருந்தது.  உள்ளே வந்து முக்காலியில் தன் பாதியில் உட்கார்ந்துகொண்டு அவரே சொன்னார். இத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாராம். சொல்லிக்கொடுத்தது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம், தாடி வைத்த கிழவனாகவும் இருக்கலாம், அது இனிமேல் தெரியப்போவதில்லை. ஆனால் எங்கேயோ கற்றுக்கொண்டதை என் புருஷன் ஊருக்கு எடுத்துவந்து என் கையில்தானே வைத்தார் என்றார். மற்றதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

“யாரா இருந்தா இன்னா. கிளப்புல தட்டு எடுக்குற மன்சன, நிக்க வெக்காம பக்கத்துல குந்த வெச்சிக்கீறாங்க. அது போதும்.”

பிறகு கையை வாசல் கட்டையில் வைத்துக்கொண்டு, “இதுக்கு அப்பால இன்னா கீது?” என்று கேட்டார்.

இதற்கு அப்பால் இருப்பது கட்டைவிரலை உள்ளே நுழைப்பது. விரல்கள் ஐந்துதான், சுரங்களோ மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. மூன்றாவது விரல் கட்டையில் நிற்கும்போதே கட்டைவிரல் அதற்கு அடியில் குனிந்து நுழைந்து அடுத்த கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கை முழுவதும் அதன் பின்னால் நகர்ந்துவிடும். கற்கிறவர்களில் பாதிப் பேர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். அக்காவும் திணறினார். முழங்கை வெளியே துருத்தும், கை சாயும், நடுவில் சத்தம் அறுந்துபோகும். விட்டுவிடவில்லை. எங்கள் கூடத்தில் வெயில் தரையைத் தாண்டிச் சுவரில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பார். ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கியபோது ஒரு நாள், கட்டைவிரல் நுழைந்தது தெரியாமல் கை நழுவிப் போய், ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலில் நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அதன் பிறகு என்னிடம் கற்றவர்கள் யாரிடமும் நான் பார்க்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அப்பாவுக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் வந்தது. பியானோவையும் சாமான்களோடு சரக்கு வேகனில் ஏற்றவேண்டும். முந்தின நாள் அக்கா கூடை இல்லாமல் வந்தார். வியாபாரத்துக்கு வரவில்லை என்று காட்டவோ என்னவோ, சாயம் போகாத புடவை கட்டிக்கொண்டிருந்தார். அன்றும் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். இரண்டு கையும் சேர்ந்து வாசிக்கும் ஒரு சின்னப் பாட்டை அதற்குள் கற்றிருந்தார். இடது கை கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அதை அம்மாவும் கேட்கும்படி வாசித்தார். முடிந்த பிறகு கட்டைகளை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு, மூடியைத் தானே இறக்கினார்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவோ என்னவோ, எந்த நேரத்தில் கேட்கக்கூடாதோ அந்த நேரத்தில் கேட்டார்: “ஏம்மா, இன்னும் அவர் வருவார்னு நெனைக்கிறியா?”

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை.

“வந்தா குந்த வெச்சி நான் சொல்லிக் குடுப்பேன், கார்டம்மா. கட்டவெரல உள்ள வுடத் தெரியாது அவருக்கு. அஞ்சோட நின்னுட்டாரு.”

அரக்கோணத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. பிறகு கோயம்புத்தூர். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தே பாதி வாழ்க்கை போனது. சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்தபோது, தனியாக ரயிலேறி ராயபுரத்தில் இறங்கிக் காசிமேட்டுக்கு நடந்தேன். அக்கா சொன்ன அடையாளங்கள் எதுவும் அங்கே இல்லை. அந்த வரிசைக் குடிசைகளைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், அந்தக் குடும்பம் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். ரங்கூனிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டேன். அவர் ஊருக்குப் புதிது, எண்ணூர் விஷயமும் காதில் விழுந்ததுதானாம். தெரியாது என்றார். எண்ணூருக்குப் போய்த் தேட எனக்கு அன்று நேரம் இல்லை. கைக்குழந்தையைக் கல்யாண வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அலை வந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது நான் இருக்கும் வீட்டில் பியானோ இல்லை. என் விரல்களும் மடங்க மறுக்கின்றன. அந்த ரங்கூன்காரரை நான் பார்த்ததில்லை, அவர் பெயரைக்கூட அக்கா என்னிடம் சொன்னதில்லை. இருந்தும் அவர் எப்படியோ வந்து சேர்ந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். எண்ணூரில் ஏதோ ஒரு வீட்டு வாசலில், இருவருக்கும் தலை நரைத்த பிறகு, அக்கா அவருடைய கட்டைவிரலைப் பிடித்து நடுவிரலுக்கு அடியில் நுழைத்து, இப்படி என்று காட்டியிருக்கவேண்டும். அதற்குப் பெட்டி வேண்டியதில்லை. ஒரு பலகை போதும்.